உள்ளே... வெளியே! – நுழையவும் கிளம்பவும் ஓர் ஆங்கிலப் பாடம்

 

மலர்க்குழுவினர் என்னிடம், "கவிதை ஏகப்பட்டது வந்தாச்சு. பசங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதிக் கொடு" என்றார்கள். உபயோகமானது எது என்று யோசித்தால், இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் கடந்தாக வேண்டிய ஒரு கதவு ஞாபகத்துக்கு வருகிறது. இன்டர்வியூ அறையின் கதவுதான். தெர்மோடைனமிக்ஸில் எண்பது மார்க் எடுத்தவன்கூட அந்தக் கதவுப் பக்கம் போனதும் 'கம் இன்' என்பதா, 'கோ இன்' என்பதா, 'என்டர்' என்பதா என்று தடுமாறுகிறான். பாடம் தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை இது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு நேராக டிப்ளமோவுக்கு வந்த நமக்கு, இந்தச் சின்னச் சின்னத் தொடர்களை உட்கார வைத்து யாரும் சொல்லித் தரவில்லை.

நுழைவது, கிளம்புவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் தினமும் நூறு முறை செய்கிற காரியங்கள். இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களுக்குத் தனித்தனியாக அர்த்தம் கேட்டால் நமக்குத் தெரியும். 'இன்' என்றால் உள்ளே, 'அவுட்' என்றால் வெளியே. சேர்த்துச் சொல்லும்போதுதான் வம்பு. மூன்றே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் முக்கால்வாசி வம்பு தீர்ந்துவிடும். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி 1: யார் எங்கே நிற்கிறார்?

இன்டர்வியூ அறைக்கு வெளியே ஓர் உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்கும்போது 'கேன் ஐ கோ இன்?' என்று கேட்க வேண்டும். அவரும் வெளியே, நாமும் வெளியே. அடுத்த நிமிஷம் கதவை லேசாகத் திறந்து உள்ளே இருப்பவரிடம் 'மே ஐ கம் இன், சார்?' என்று கேட்க வேண்டும். கதவு அதேதான், ஆளும் அதே ஆள்தான். ஆனால் 'கோ' போய் 'கம்' வந்துவிட்டது. நாம் யாரிடம் கேட்கிறோமோ அவர் உள்ளே இருக்கிறார் என்பதுதான் காரணம்.

'மே ஐ என்டர்?' என்று கேட்டால் இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் நாடக மேடை வசனம் மாதிரி இருக்கும். 'கம் இன்' என்பதுதான் இயல்பு.

இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று காட்ட, சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் 1971-ல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் நடத்திய சொற்பொழிவு வரிசையில் முதல் சொற்பொழிவு முழுவதையும் 'மே வி கம் இன்?' என்ற ஒரே வாக்கியத்துக்கு ஒதுக்கினார். கேட்பவர் வெளியே நிற்கிறார், கேட்கப்படுபவர் உள்ளே இருக்கிறார், அனுமதி கொடுக்கும் உரிமை உள்ளே இருப்பவருக்கு உண்டு என்பதையெல்லாம் அந்த நாலு சொற்களிலிருந்தே எடுத்துவிடலாம்.

நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த விதி தமிழனுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற இயலில், 'வா', 'தா' இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, 'செல்', 'கொடு' இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். என்னை நோக்கியோ உன்னை நோக்கியோ நடந்தால் வருகை. மூன்றாவது ஆளை நோக்கி நடந்தால் செல்கை. ஆங்கில 'கம்', 'கோ' இரண்டுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஆகவே போனில் ஓர் அதிகாரியிடம் 'ஐ ஆம் கமிங் டு யுவர் ஆபீஸ் அட் டென்' என்று சொல்லலாம். 'உங்க ஆபீஸுக்குப் பத்து மணிக்கு வரேன் சார்' என்கிறோமே, அதேதான். அந்த அதிகாரி வேறு ஊரில் இருக்கும்போது அவரிடமே 'ஐ ஆம் கோயிங் டு யுவர் ஆபீஸ்' என்று சொல்லலாம்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். கம்ப்ரஸரிலிருந்து ரிசீவர் டாங்க்குக்கு ஒரு குழாய் போகிறது. கம்ப்ரஸர் பக்கம் நின்று பார்த்தால் அது டெலிவரி லைன். டாங்க் பக்கம் நின்று பார்த்தால் அதுவே இன்லெட் லைன். குழாய் ஒன்று, காற்றும் ஒன்று. நிற்கும் இடம்தான் வேறு. 'கம்', 'கோ' விவகாரமும் இதேதான்.

தமிழும் ஆங்கிலமும் பிரிகிற இடம் ஒன்று உண்டு. அது நாம் விடைபெறும் இடம். 'போறேன்' என்று சொன்னால் வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். இந்த நல்ல பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'ஐ வில் கோ அண்ட் கம், சார்' என்கிறோம். நம்மூர் சார் புரிந்துகொள்வார். வெளியூர்க்காரர், 'எங்கே போகிறான், எதற்குத் திரும்பி வருகிறான்?' என்று காத்திருப்பார்! கிளம்பும்போது வெறும் 'வரேன் சார்' என்பதை 'ஐ ஆம் கமிங், சார்' என்று சொன்னால் இன்னும் குழப்பம். திரும்பி வரப்போவதாக இருந்தால் 'ஐ வில் பி பேக்'. இல்லையென்றால் 'தேங்க் யூ, சார். குட் டே' போதும்.

'போகட்டுமா சார்?' என்பதற்கும் ஒரு கவனம் தேவை. அனுமதி கேட்பதாக இருந்தால் 'மே ஐ லீவ் நௌ, சார்?'. 'நான் வேணும்னா போகவா?' என்று நாமாக முன்வந்து கேட்பதாக இருந்தால் 'ஷால் ஐ கோ?'. ஸ்டோர்ஸிலிருந்து ஒரு டூல் எடுத்து வரவேண்டும் என்று போர்மேன் சொல்லும்போது 'ஷால் ஐ கோ, சார்?' என்றால் பொருத்தம். இன்டர்வியூ முடிந்ததும் 'மே ஐ லீவ்?' என்பதுதான் பொருத்தம்.

கேள்வி 2: அது பெட்டியா, தளமா?

தமிழில் 'ஏறு', 'இறங்கு' இரண்டே சொல்தான். பஸ்ஸில் ஏறினான், காரில் ஏறினான், ஆட்டோவில் ஏறினான், சைக்கிளில் ஏறினான் என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'ஏறு'. ஆங்கிலக்காரர் இதை இரண்டாகப் பிரிக்கிறார்.

உள்ளே நின்று நடக்கக்கூடிய பெரிய வண்டி என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் இந்த வகை. காலைப் போட்டு உட்காரும் சைக்கிள், மோட்டார் பைக், குதிரை ஆகியவையும் இதில் சேரும்.

குனிந்து உள்ளே புகுந்து உட்கார வேண்டிய வண்டி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. கார், டாக்ஸி, ஆட்டோ, லாரியின் டிரைவர் கேபின் எல்லாம் இந்த வகை.

ஆக, 'ஹி காட் ஆஃப் தி பஸ் அண்ட் காட் இன்ட்டு அன் ஆட்டோ' என்பது சரியான வாக்கியம். பஸ்ஸை விட்டு 'ஆஃப்', ஆட்டோவுக்குள் 'இன்ட்டு'. பெரிய வண்டி ஒரு தளம், சின்ன வண்டி ஒரு பெட்டி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். லிஃப்ட் மட்டும் கொஞ்சம் மாறும். உள்ளே நிற்கத்தான் முடியும் என்றாலும் அது பெட்டி மாதிரிதானே? அதனால் பிரிட்டிஷ் வழக்கில் 'கெட் இன்ட்டு தி லிஃப்ட்', 'கெட் அவுட் ஆஃப் தி லிஃப்ட்'. அமெரிக்கர்கள் லிஃப்டை எலிவேட்டர் என்பார்கள், 'ஆன்', 'ஆஃப்' என்றும் சொல்வார்கள்.

நாம் எல்லோரும் சொல்கிற 'கெட் டவுன்' பற்றிக் கேட்பீர்கள். 'இறங்கு' என்பதில் கீழே வரும் பொருள் இருப்பதால் 'டவுன்' என்று சேர்த்துவிட்டோம். இந்தியா முழுக்க இது புரியும். கண்டக்டரிடம் தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டு மேனேஜரிடமோ ஆங்கிலப் பரீட்சையிலோ 'கெட் ஆஃப்' என்றே எழுதுங்கள். அவர்களுக்கு 'கெட் டவுன்' என்றால் மேஜை மேலிருந்தோ ஏணியிலிருந்தோ கீழே இறங்குவது. 'குனிந்துகொள்!' என்ற அர்த்தமும் உண்டு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ரயிலில் 'அலைட்' என்ற சொல்லைப் பார்க்கலாம். 'இறங்கு' என்பதற்கான அறிவிப்புப் பலகைச் சொல் அது. ஏறுவதற்கு 'போர்ட்'. இரண்டும் பலகைக்கும் அறிவிப்புக்கும்தான். நண்பனிடம் 'லெட் அஸ் அலைட்' என்று சொன்னால் சிரிப்பான்.

கேள்வி 3: சொல்லுக்குள்ளேயே வாசல் இருக்கிறதா?

தமிழில் 'அறைக்குள் நுழைந்தான்', 'சென்னையை அடைந்தான்', 'கம்பெனியில் சேர்ந்தான்' என்று வேற்றுமை உருபு போட்டால்தான் வாக்கியம் நிற்கும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஒரு 'இன்', 'டு' ஒட்டிவிடுகிறோம். சில ஆங்கில வினைகளுக்கு அந்த உருபு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக ஒட்டினால் ஒரே போல்ட்டுக்கு இரண்டு தலை வைத்த மாதிரி.

'என்டர்': 'ஹி என்டர்ட் தி ரூம்' என்றாலே அறைக்குள் நுழைந்தான். 'என்டர்ட் இன்ட்டு தி ரூம்' வேண்டாம். 'என்டர் இன்ட்டு' என்பது ஒப்பந்தம், பேச்சுவார்த்தை போன்றவற்றில் இறங்குவதற்கு. ரிஜிஸ்டரில் கணக்கு எழுதுவதற்கும் 'என்டர்' உண்டு. அப்போது எழுதப்படும் பொருள் ஒன்று நடுவில் வரும், 'என்டர் தி ரீடிங்ஸ் இன் தி லாக் புக்' என்பது மாதிரி.

'ரீச்': 'ஐ ரீச்ட் சென்னை', 'ஐ ரீச்ட் ஹோம்'. நடுவில் 'டு' வராது. ஆனால் 'அரைவ்' என்றால் உருபு வேண்டும். ஊர் என்றால் 'அரைவ்ட் இன் சென்னை'. ஸ்டேஷன், கேட் என்ற குறிப்பிட்ட இடம் என்றால் 'அரைவ்ட் அட் தி ஸ்டேஷன்'.

'ஜாயின்': 'ஐ ஜாயின்ட் தி கம்பெனி ஆஸ் எ டிரெய்னி'. பயோடேட்டாவில் 'ஜாயின்ட் இன் தி கம்பெனி' என்று எழுதாதீர்கள். 'ஜாயின் இன்' என்றால் பலர் சேர்ந்து பாடும்போதோ விளையாடும்போதோ நாமும் கலந்துகொள்வது.

'லீவ்': இதில் ஓர் உருபு சேர்ந்தால் திசையே மாறிவிடும். 'ஐ லெஃப்ட் மதுரை' என்றால் மதுரையை விட்டுக் கிளம்பினேன். 'ஐ லெஃப்ட் ஃபார் மதுரை' என்றால் மதுரைக்குக் கிளம்பினேன். இரண்டையும் சேர்த்தால் 'ஐ லெஃப்ட் மதுரை ஃபார் சென்னை'. சர்வீஸ் இன்ஜினியர் மெசேஜில் 'ஃபார்' விட்டுப்போனால், மெஷின் கெட்டுப்போய்க் காத்திருப்பவர் ஆள் வருகிறானா போகிறானா என்று தெரியாமல் முழிப்பார்.

'லீவ்' பற்றி இன்னும் இரண்டு விஷயம். லீவ் லெட்டரில் வரும் 'லீவ்' வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'அனுமதி' என்று பொருள். ஒரே உச்சரிப்பில் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு சொற்கள் இவை. எனவே 'ஐ ஆம் லீவ் டுடே' என்றால் அர்த்தமில்லை. 'ஐ ஆம் ஆன் லீவ் டுடே'. அடுத்தது உச்சரிப்பு. குடியிருப்பது 'லிவ்', குறில். கிளம்புவது 'லீவ்', நெடில். 'ஐ ஆம் லீவிங் இன் திருச்சி' என்று நீட்டிச் சொன்னால் 'திருச்சியில் குடியிருக்கிறேன்' என்ற அர்த்தம் வராது. குறில் நெடில் வித்தியாசம் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாபகம் வைத்தால் போதும்.

பொருள் மாறி நிற்கும் சொற்கள்

'பாஸ் அவுட்': 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நம் நாட்டில் சகஜமாகச் சொல்வோம். ராணுவப் பயிற்சி முடிந்து வெளியேறும் அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்று பெயர். அந்த வழக்கு இங்கே கல்லூரிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மற்ற நாட்டுக்காரருக்கு 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தான் என்று அர்த்தம். 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2019' என்று சொன்னால் எங்கேயும் பிரச்சினை இல்லை.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்': வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கியிருந்த ஊரை 'ஸ்டேஷன்' என்று அழைத்த காலத்துச் சொல். இந்தியாவுக்கு வெளியே 'அவுட் ஆஃப் டவுன்' என்று சொல்லுங்கள். ஆபீஸில் ஆள் இருக்கிறாரா என்று கேட்க 'இஸ் மிஸ்டர் குமார் இன்?' போதும். இல்லை என்றால் 'ஹி இஸ் அவுட்'.

'வாக்-இன்', 'வாக்-அவுட்': முன்கூட்டி நேரம் வாங்காமல் நேராகப் போகும் இன்டர்வியூ 'வாக்-இன் இன்டர்வியூ'. எதிர்ப்புத் தெரிவித்து எழுந்து வெளியேறுவது 'வாக்-அவுட்'. ஒரே நடை, ஆனால் ஒன்று வேலை தேட, மற்றொன்று வெளிநடப்பு!

'டிராப் இன்', 'டிராப் அவுட்': சொல்லாமல் கொள்ளாமல் நண்பன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்ப்பது 'டிராப் இன்'. படிப்பைப் பாதியில் விடுவது 'டிராப் அவுட்'. முதலாவதை அடிக்கடி செய்யுங்கள், இரண்டாவது வேண்டாம்.

'ரன் அவுட்': கிரிக்கெட் ரசிகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஸ்டோர்ஸில் சரக்கு தீர்ந்துபோனாலும் 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் எலெக்ட்ரோட்ஸ்' என்பார்கள். லேத் மெஷினில் சக்கில் பிடித்த ஜாப் மையம் விலகிச் சுற்றினால் அதுவும் 'ரன்-அவுட்'. டயல் கேஜ் வைத்து அளப்போமே, அது.

'லாக் இன்': கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் தினமும் செய்வது. இந்த 'லாக்' பூட்டு அல்ல, மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணி வேகம் கண்டார்கள். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது அதனால்தான். அந்த வேகத்தை எழுதிய நோட்டு 'லாக் புக்'. நம் பவர் ஹவுஸ் லாக் புக்கும், கம்ப்யூட்டர் 'லாக் இன்'னும் அந்தக் கட்டையின் வாரிசுகள். வினையாக வரும்போது 'லாக்', 'இன்' இரண்டையும் இடைவெளி விட்டு எழுதுவார்கள். பெயராக வரும்போது சேர்த்து எழுதுவார்கள்.

ஷாப் ஃப்ளோரில் இது உயிர் சமாச்சாரம்

இதுவரை சொன்னதில் தவறினால் மார்க் குறையும், அல்லது யாராவது சிரிப்பார்கள். தொழிற்சாலையில் அப்படியல்ல.

பலகைகளைப் பாருங்கள். 'கீப் அவுட்' என்றால் உள்ளே வராதே. வேலி போட்ட டிரான்ஸ்பார்மர் யார்டில் இருக்கும். 'கீப் ஆஃப்' என்றால் இதன் மேல் கால் வைக்காதே, ஏறாதே. கூரைத் தகட்டின் மேலோ புல்தரை ஓரமோ இருக்கும். இரண்டாவது கேள்வியில் பார்த்த பெட்டி, தளம் கணக்கேதான். பெட்டி என்றால் 'அவுட்', தளம் என்றால் 'ஆஃப்'. 'ஸ்டாண்ட் கிளியர்' என்றால் ஒதுங்கி நில். கிரேன் சுமை தூக்கும்போது கத்துவார்கள். 'கிளியர்' என்றதும் 'தெளிவு' என்று அர்த்தம் தேடிக்கொண்டு அங்கேயே நின்றால் ஆபத்து. 'கெட் அவுட்!' என்பது மீட்டிங்கில் அவமரியாதை. வாயு கசியும் இடத்தில் அதுவே உயிர் காக்கும் கூச்சல். அங்கே கோபித்துக்கொள்ளாமல் ஓட வேண்டும்.

'லாக்-அவுட்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். நிர்வாகம் கதவை மூடித் தொழிலாளியை வெளியே நிறுத்துவது ஒன்று. நாம் 'கதவடைப்பு' என்போம். இன்னொன்று, மெஷினைக் கழற்றி வேலை பார்க்கும்போது யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடாதபடி ஐசொலேட்டரில் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டை மாட்டுவது. 'லாக்-அவுட் டாக்-அவுட்' என்பார்கள். அமெரிக்காவில் 1989-ல் இதற்கென்றே தனி விதி வெளியிட்டார்கள். முதல் லாக்-அவுட்டில் ஆள் வெளியே, இரண்டாவதில் மின்சாரம் வெளியே. பூட்டைப் போட்டவரே கழற்ற வேண்டும் என்பது இரண்டாவதன் அடிப்படை.

பலகையில் வரும் பெரிய சொற்கள் இரண்டு: 'இன்கிரஸ்' (உட்புகுதல்), 'எக்ரஸ்' (வெளியேறுதல்). மோட்டார் நேம் பிளேட்டில் 'ஐ.பி. 55' என்று இருக்குமே, அதைப் பரவலாக 'இன்கிரஸ் புரொடெக்‌ஷன்' என்று விரித்துச் சொல்வார்கள். முதல் 5 தூசிக்கு. ஓட்டத்தைக் கெடுக்கும் அளவுக்குத் தூசி உள்ளே போகாது. இரண்டாவது 5 தண்ணீருக்கு. நாஸில் வைத்துப் பீய்ச்சினாலும் தாங்கும். ஆறு என்று தொடங்கினால் தூசி சுத்தமாகப் புகாது.

'எக்ரஸ்' பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அமெரிக்காவில் பி.டி. பார்னம் என்ற வித்தைக்காரர் நியூயார்க்கில் ஒரு காட்சிசாலையை 1841-ல் வாங்கி, 1865-ல் அது தீயில் எரியும் வரை நடத்தினார். உள்ளே வந்த கூட்டம் வெளியேறாததால் வெளியே காத்திருப்பவர்களுக்கு டிக்கெட் விற்க முடியவில்லை. பின்கதவில் 'எக்ரஸுக்கு வழி' என்று எழுதி வைத்தார். ஜனங்கள் ஏதோ புது மிருகம் என்று நினைத்து வரிசையாகப் போய்த் தெருவில் நின்றார்கள்! பார்னமே தன் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

கதை சிரிப்புதான். ஆனால் தீப்பிடித்த கட்டடத்தில் 'எக்ரஸ்' என்ற பலகையைப் படித்து அர்த்தம் தெரியாமல் நிற்பவனுக்குச் சிரிப்பு வராது. பலகைகளில் அதிகம் காண்பது 'எக்ஸிட்'. அது லத்தீன் சொல். 'அவன் வெளியே போகிறான்' என்று பொருள். நாடகப் பிரதிகளில் பாத்திரம் மேடையை விட்டுப் போக வேண்டிய இடத்தில் இதைக் குறித்து வைத்தார்கள். அங்கிருந்து கதவுக்கும் அதே பெயர் வந்தது.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 36-வது பிரிவில், விஷவாயு இருக்கக்கூடிய டாங்க், தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் ஆளை இறக்குவது பற்றிப் பேசியது. போதுமான அளவுள்ள மேன்ஹோலோ, வெளியேற வேறு தக்க வழியோ இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்றது. அந்த இடத்தில் அது பயன்படுத்திய சொல்லும் 'எக்ரஸ்' தான். நுழைய வழி இருந்தால் போதாது, வெளியேற வழி இருக்கிறதா என்று முதலில் பார் என்பதுதான் அதன் சாரம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1986-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள், முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னாலேயே இறங்கியவர்கள் என்றது. 'டு நாட் என்டர் விதவுட் பெர்மிட்' என்ற ஒரு வரிப் பலகை அவர்களுக்காகவும்தான். பதறிப்போய் இறங்குவது மனிதாபிமானம். ஆனால் காற்றைச் சோதிக்காமல், கயிறும் மூச்சுக் கருவியும் இல்லாமல் இறங்கினால் ஒரு சாவு இரண்டாகும்.

இங்கேதான் டிப்ளமோ படித்த நமக்கு வேலை இருக்கிறது. மேலே இன்ஜினியர் ஆங்கிலத்தில் எழுதுவார். கீழே கான்ட்ராக்ட்டில் வரும் அண்ணன்மார் பலருக்கு அந்தப் பலகை வெறும் சிவப்புப் படம். நடுவில் சூப்பர்வைசராக நிற்கப் போவது நாம். பலகையைப் படித்து, 'அண்ணே, இதுல உள்ளே இறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பெர்மிட் வரட்டும்' என்று தமிழில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நமக்கே 'கீப் அவுட்'டுக்கும் 'கீப் ஆஃப்'புக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அவருக்கு யார் சொல்வது? ஆங்கிலம் கற்பது ஸ்டைலுக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். விடையை முதலில் பார்க்காதீர்கள்!

1. கண்டக்டரிடம்: 'ஐ வான்ட் டு கெட் ____ அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்.'
2. 'ஷி காட் ____ தி ஆட்டோ அண்ட் பெய்ட் தி டிரைவர்.'
3. 'தி போர்மேன் என்டர்ட் ____ தி டூல் ரூம்.'
4. சேலத்திலிருந்து சென்னைக்கு: 'வி லெஃப்ட் சேலம் ____ சென்னை அட் சிக்ஸ்.'
5. நண்பன் லைப்ரரியில் இருக்கிறான். அவனுக்குப் போனில்: 'ஐ ஆம் ____ டு தி லைப்ரரி. வெயிட் தேர்.'
6. அதே விஷயத்தை ஹாஸ்டல் வாட்ச்மேனிடம்: 'ஐ ஆம் ____ டு தி லைப்ரரி.'
7. டிரான்ஸ்பார்மர் யார்டு வேலியில்: 'டேஞ்சர். கீப் ____.'
8. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில்: 'கீப் ____ தி ரூஃப்.'

விடைகள்: 1. ஆஃப். 2. அவுட் ஆஃப். 3. எதுவும் வேண்டாம். 4. ஃபார். 5. கமிங். 6. கோயிங். 7. அவுட். 8. ஆஃப்.

எட்டுக்கு எட்டு வாங்கியவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள். குறைவாக வாங்கியவர்கள் மூன்று கேள்விகளையும் இன்னொரு தரம் படியுங்கள். யார் எங்கே நிற்கிறார், பெட்டியா தளமா, சொல்லுக்குள் வாசல் இருக்கிறதா என்பவைதான் அவை. ஹாஸ்டல் ரூம் கதவு, பஸ், ஒர்க்‌ஷாப் கேட் என்று கடக்கும் இடமெல்லாம் மனசுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பதினைந்து நாளில் நாக்கு பழகிவிடும். தப்பாகச் சொல்லும் நண்பனைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் நம்மில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.

எல்லோருக்கும் நல்ல வேலை கிடைக்க வாழ்த்துகள். போயிட்டு வரேன்!